மகளின் விரல்கள் இறுகிக்கொண்டது பற்றி

வணக்கம் சகோதரி. தேர்வு அறை வாசலில் மகளுக்கு மூச்சு வாங்கி, விரல்கள் கூம்பி இறுகிக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் "நரம்புக் கிளர்ச்சி கூடிவிட்டது" என்றாராம். வீட்டில் "பயந்த சுபாவம்" என்கிறார்களாம். டாக்டர் பேசியது நரம்புச் செல்லைப் பற்றி, அவள் குணத்தைப் பற்றி அல்ல. தயவுசெய்து இரண்டையும் சேர்க்காதீர்கள்.

ஓய்வில் நரம்புச் செல்லின் உள்ளே சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட் இருக்கும். அது மைனஸ் 55 அளவுக்கு ஏறினால் சோடியத்தை உள்ளே விடும் வாயில்கள் திறந்து நரம்புத் துடிப்பு (மின் சைகை) கிளம்பும். செல்லுக்கு வெளியே உள்ள கால்சியம்தான் அந்த வாயில்கள் சுலபத்தில் திறந்துவிடாமல் காக்கிறது. பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறும், இரத்தத்தில் காரத்தன்மை கூடும், கால்சியத்தின் ஒரு பகுதி இரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். பரிசோதனையில் மொத்தக் கால்சியம் சரியாகவே இருக்கும்; தனித்து நிற்கும் அயனிக் கால்சியம் குறைந்திருக்கும். அப்போது நரம்புகள் சிறு தூண்டலுக்கே துடிக்கும், விரல்கள் இறுகும். டாக்டர் சொன்ன நரம்புக் கிளர்ச்சி இதுதான். துணிச்சல்காரருக்கும் இது நடக்கும்.

மறுபடி வந்தால் உட்காரவைத்து, மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடச் சொல்லுங்கள். காகிதப் பைக்குள் மூச்சுவிடும் பழைய முறை வேண்டாம், ஆபத்தாகலாம். பதற்றமே இல்லாத நேரத்திலும் இறுகினால் கால்சியம், மெக்னீசியம், வைட்டமின் டி, பாராதைராய்டு (கால்சியம் அளவைக் கட்டுப்படுத்தும் கழுத்துச் சுரப்பி) எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.