அபியா வகுப்பின் முறை: ஒரு கடிதமும் பதிலும்

ஐயா,

எங்கள் ஜெபக்குழுவில் இந்த வருடம் டிசம்பர் 25 ஆராதனை வேண்டாம் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. ரோமர்களின் சூரியதேவன் பண்டிகையைத்தான் சபை கிறிஸ்துமஸ் ஆக்கிக்கொண்டது என்கிறார்கள். குளிர்காலத்தில் மேய்ப்பர்கள் இரவில் வெளியே தங்கமாட்டார்கள் என்பது இன்னொரு வாதம். ஒரு சகோதரர் லூக்கா முதல் அதிகாரத்தில் வரும் அபியா வகுப்பை வைத்துக் கணக்குப் போட்டு, இயேசு கூடாரப் பண்டிகையின்போது செப்டம்பரில் பிறந்தார், அன்றைக்கே கொண்டாடலாம் என்கிறார். ஆர்த்தடாக்ஸ் சபையாரோ ஜனவரி 7 என்கிறார்கள். எதுதான் சரி?

எம்.

அன்புள்ள எம்.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம். ஜனவரி 7 வேறு தேதியே அல்ல. அதுவும் டிசம்பர் 25தான், பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி. 1582ல் கிரிகோரி நாட்காட்டி வந்தபோது அக்டோபர் 4க்கு மறுநாளை 15 என்று வைத்து, பத்து நாளைத் தாண்டினார்கள். அதன் பிறகு 400ஆல் வகுபடாத நூற்றாண்டு வருடங்களில் புதிய நாட்காட்டிக்குப் பிப்ரவரி 29 கிடையாது, பழையதற்கு உண்டு. 1700, 1800, 1900 என ஒவ்வொரு நாளாகக் கூடி இப்போது வித்தியாசம் 13. 2100ல் அது 14 ஆகும். ரஷ்ய, செர்பிய சபைகள் பழைய நாட்காட்டியை விடாவிட்டால் 2101ல் அவர்கள் கிறிஸ்துமஸ் ஜனவரி 8க்குப் போய்விடும். கிரேக்க சபை 1924லேயே டிசம்பர் 25க்கு வந்துவிட்டது. உக்ரைனில் தனிச்சபையான ஆர்த்தடாக்ஸ் பிரிவு 2023ல் வந்தது.

நிஜமாகவே வேறு நாள் வைத்திருப்பவர்கள் ஆர்மீனியர்கள். பிறப்பையும் ஞானஸ்நானத்தையும் ஒன்றாக ஜனவரி 6ல் கொண்டாடும் பழைய கீழைத் திருச்சபை வழக்கம் அவர்களிடம் தங்கிவிட்டது. எருசலேம் ஆர்மீனியர் அந்த ஜனவரி 6ஐயும் பழைய நாட்காட்டியில் எண்ணுவதால், நமக்கு அது 19. பெத்லகேமில் ஒரே பருவத்தில் மூன்று கிறிஸ்துமஸ் வருவது இதனால்தான்.

இனி அபியா கணக்கு. சகோதரர் போட்டிருப்பது அநேகமாக இப்படித்தான் இருக்கும். 1 நாளாகமம் 24ன்படி ஆசாரிய வகுப்புகள் 24, அதில் அபியா எட்டாவது. ஆலயப் பணியில் ஒரு வகுப்புக்கு ஒரு வாரம், ஓய்வுநாள் முதல் ஓய்வுநாள் வரை. மூன்று பெரிய பண்டிகைகளில் மட்டும் எல்லா வகுப்பாரும் சேர்ந்து நிற்பார்கள். யூதரின் முதல் மாதமான நிசான் (மார்ச்-ஏப்ரல்) தொடக்கத்திலிருந்து எண்ணினால் எட்டு வாரம், நடுவே பஸ்காவுக்கும் பெந்தெகொஸ்தேக்கும் இரண்டு, ஆகப் பத்தாவது வாரம். அது ஜூன் தொடக்கம். லூக்கா சொல்லும் அபியா வகுப்பு ஆசாரியர் சகரியா தன் முறை முடிந்து வீடு திரும்புகிறார், மனைவி எலிசபெத் கர்ப்பவதியாகிறார், அதன் ஆறாம் மாதத்தில் இயேசுவின் தாய் மரியாளிடம் தூதன் வருகிறான். அது டிசம்பர். அங்கிருந்து ஒன்பது மாதம், செப்டம்பர் கடைசி.

கூட்டலில் பிழை இல்லை. ஆனால் 24 வகுப்புக்கும் வருடத்தில் இரண்டு முறை வரும். அபியாவின் இரண்டாம் முறையை எடுத்தால் சகரியா டிசம்பர் தொடக்கத்தில் ஆலயத்தில் இருப்பார், இயேசுவின் பிறப்பு மார்ச் கடைசிக்குப் போகும். அது எந்த முறை என்று லூக்கா சொல்லவில்லை. சகோதரர் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்.

இதைவிடப் பெரிய சிக்கல் வருட நீளம். இரண்டு சுற்று 48 வாரம், பண்டிகை வாரம் மூன்று, மொத்தம் 51. யூதர்களின் சாதாரண வருடம் 354 நாள், அதாவது 50 வாரம் 4 நாள். அதிக மாதம் சேர்ந்த வருடமோ ஏறக்குறைய 55 வாரம். 51 எதிலும் சரியாகப் பொருந்தாது. ஆகவே முறை ஒவ்வொரு நிசானிலும் புதிதாகத் தொடங்கியதா, விட்ட இடத்திலிருந்து ஓடிக்கொண்டே போனதா என்று முதலில் தெரியவேண்டும். ஓடியிருந்தால் அபியா வருடா வருடம் இடம் மாறும். ஆலயம் இடிக்கப்பட்ட கி.பி. 70ல் யோயாரீப் வகுப்பு பணியில் இருந்தது என்ற ரபிகளின் மரபை வைத்துப் பின்னோக்கி எண்ணுவோரும் உண்டு. அதற்கு எழுபது வருடத்துக்கும் மேல் ஒரு வாரம்கூடத் தப்பாமல் முறை நடந்திருக்கவேண்டும். அதுவும் போக, எந்த வருடத்து முறையைப் பார்ப்பது? இயேசு ஏரோதின் நாளில் பிறந்தார் என்கிறார் மத்தேயு, சிரேனியுவின் குடிமதிப்பின்போது என்கிறார் லூக்கா. ஏரோது பொதுவான கணிப்பில் கி.மு. 4ல் இறந்தவன். சிரேனியுவின் குடிமதிப்போ கி.பி. 6.

லூக்காவின் இதே அதிகாரத்தை வைத்து டிசம்பரையும் நிரூபித்திருக்கிறார்கள் என்பதை உங்கள் சகோதரருக்குச் சொல்லுங்கள். 386ல் அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம் செய்த பிரசங்கம் அது. சகரியாவைப் பிரதான ஆசாரியராகவும், அவர் ஆலயத்தில் தூபங்காட்டிய நாளைப் பாவநிவிர்த்தி நாளாகவும் எடுத்துக்கொண்டு செப்டம்பரில் தொடங்கி டிசம்பருக்கு வந்து சேர்ந்தார். சகரியா சீட்டுப்படி தூபங்காட்டப் போனார் என்று லூக்கா தெளிவாகச் சொல்கிறார். சீட்டுப் போடுவது அன்றாடப் பணிக்கு. பாவநிவிர்த்தி நாளில் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகிற பிரதான ஆசாரியரைச் சீட்டுப் போட்டு எடுப்பதில்லை.

மேய்ப்பர் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் மழைக்கு ஊர் திரும்பும் மந்தைகளையும், வருடம் முழுக்க வெளியிலேயே மேயும் மந்தைகளையும் யூத ரபிகளின் தொகுப்பான தல்மூத் தனித்தனியாகச் சொல்கிறது. லூக்கா 2ல் வருவது எந்த வகை என்று தெரியாது. டிசம்பரை மறுக்க அந்த வசனம் போதாது, நிறுவவும் உதவாது.

சூரியதேவன் வாதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. ரோமப் பேரரசன் அவுரேலியன் 274ல் வெல்லப்படாத சூரியனுக்குக் கோவில் கட்டினான். ஆனால் டிசம்பர் 25ல் அந்தச் சூரியனுக்கு விழா என்பதற்கான பழைய ஆதாரம் 354ஆம் வருடத்து ரோம நாட்காட்டித் தொகுப்பு. கிறிஸ்து பெத்லகேமில் அதே தேதியில் பிறந்தார் என்ற குறிப்பும் அதே தொகுப்பில்தான் இருக்கிறது, 336ல் எழுதப்பட்ட பட்டியல் ஒன்றில். யார் யாரைப் பார்த்து வைத்தார்கள் என்று அதைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. சூரிய வழிபாட்டின் நிழல் சபைமேல் விழவே இல்லை என்றும் சொல்லமாட்டேன். ஐந்தாம் நூற்றாண்டில் பேதுரு ஆலயப் படியில் நின்று சூரியனைத் திரும்பி வணங்கிய கிறிஸ்தவர்களை லியோ பாப்பரசர் கடிந்துகொண்டிருக்கிறார்.

இன்னொரு விளக்கமும் உண்டு, எனக்கு அதில் கொஞ்சம் சாய்வு அதிகம். இயேசு மரித்த நாளை மேற்கே மார்ச் 25 என்று கணித்திருந்தார்கள். கருவான நாளும் அதுவே என்பது சபைப் பிதா அகுஸ்தீன் எழுதிவைத்திருக்கும் நம்பிக்கை. அதிலிருந்து ஒன்பது மாதம் டிசம்பர் 25. கிழக்கே ஏப்ரல் 6 என்று கணித்தவர்களுக்கு அதே ஒன்பது மாதம் ஜனவரி 6ல் முடிகிறது. இரண்டு தேதிகளுக்கும் ஒரே சாவி.

ஆக, பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. கி.பி. 200ஐ ஒட்டி சபை ஆசிரியரான அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து, சிலர் மே 20 என்றும் சிலர் ஏப்ரல் 19 அல்லது 20 என்றும் சொல்வதாக எழுதுகிறார். டிசம்பர் அந்தப் பட்டியலில் இல்லை. கொண்டாடும் நாள் சபை வைத்துக்கொண்ட ஒழுங்கு, பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 14ஆம் அதிகாரம் அதை அவரவர் மனநிச்சயத்துக்கு விட்டிருக்கிறது. 1659ல் மாசசூசெட்ஸ் தூய்மைவாதிகள் கிறிஸ்துமஸ் கொண்டாடியவர்களுக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் போட்டார்கள். 1681ல் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள்.

உங்கள் குழு கூடாரப் பண்டிகையில் நினைவுகூர விரும்பினால் தாராளமாகச் செய்யட்டும், ‘இதுதான் உண்மைத் தேதி’ என்று மட்டும் அறிவிக்கவேண்டாம். செப்டம்பரில் ஒரு தேதியைக் குறித்து வைத்துவிடவும் வேண்டாம். அந்தப் பண்டிகை எபிரேய நாட்காட்டியின் திஷ்ரி மாதம் 15ஆம் நாள். 2024ல் அக்டோபர் 16 மாலை தொடங்கியது, 2025ல் அக்டோபர் 6 மாலை, 2026ல் செப்டம்பர் 25 மாலை. எபிரேய நாட்காட்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு வருடா வருடம் பார்த்துத்தான் சொல்லவேண்டியிருக்கும்.