கர்ப்பத்தில் மூளைக்கட்டி: பிரசவம்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. முதல் குழந்தை, இப்போது ஐந்தாம் மாதம். விடாத தலைவலிக்காக எம்.ஆர்.ஐ. எடுத்ததில், தலையின் வலப்பக்கம் 2 செ.மீ. அளவில் ‘மெனிஞ்சியோமா’ இருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. “சாதாரணக் கட்டிதான், பிரசவத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார் டாக்டர். வீட்டிலோ கருவைக் கலைத்துவிட்டு உடனே ஆபரேஷன் செய்துகொள் என்கிறார்கள். என்ன செய்வது? சிசேரியன்தான் செய்ய வேண்டுமா?

பதில்: உங்கள் படங்களை நான் பார்க்கவில்லை. எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன்: கருவைக் கலைக்கும் பேச்சை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். இந்த அளவுக் கட்டிக்கு, வேறு தொந்தரவு இல்லாதபோது, கருவைக் கலைத்து ஆகப்போவது எதுவும் இல்லை.

மெனிஞ்சியோமா மூளையிலிருந்து வருவதில்லை, மூளையைச் சுற்றியிருக்கும் உறையிலிருந்து வருகிறது. பெரும்பாலானவை புற்றுநோய் அல்லாத, மெதுவாக வளரும் கட்டிகள். உங்கள் கட்டி பல வருடங்களாகவே அங்கே இருந்திருக்கும். தலைவலிக்கு அதுதான் காரணமா என்பதுகூட நிச்சயமில்லை. மைக்ரேனுக்காக எடுத்த படத்தில் தற்செயலாக இப்படியொரு கட்டி கண்ணில் படுவதுண்டு. தலைவலிக்கு பாராசிட்டமால் போதும். இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவற்றைக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். 20 வாரத்துக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

கர்ப்பம் இதில் ஒரு சிக்கலைச் சேர்க்கிறது. இந்தக் கட்டிகள் பலவற்றில் புரோஜெஸ்ட்ரான் ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. கர்ப்பத்தில் அந்த ஹார்மோன் பல மடங்கு கூடும், உடம்பில் நீரும் ரத்த ஓட்டமும் கூடும். அதனால் கடைசி மாதங்களில் சில கட்டிகள் வீங்குகின்றன, பிரசவத்துக்குப் பிறகு அவற்றில் சில தானாகவே சுருங்கவும் செய்கின்றன. கர்ப்பத்தில் மங்கிய பார்வை பிரசவத்துக்குப் பின் தெளிந்ததை 1929-லேயே அமெரிக்க மூளை அறுவை நிபுணர் ஹார்வி குஷிங்கும் அவரோடு பணியாற்றிய லூயிஸ் ஐசன்ஹார்ட்டும் எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஆக, உங்கள் டாக்டர் சொன்னதில் தவறில்லை. ஆனால் பிரசவம்வரை எப்படிக் கண்காணிப்பது என்பதையும் அவர் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த முறை போகும்போது நீங்களே கேளுங்கள். கட்டி சரியாக எந்த இடத்தில் இருக்கிறது? பார்வை நரம்புக்குப் பக்கத்திலா? சுற்றி நீர்க்கோர்வை இருக்கிறதா? மூளை ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டிருக்கிறதா? சென்டிமீட்டர் கணக்கைவிட இந்தப் பதில்கள்தான் முக்கியம். மேற்புறத்தில் 2 செ.மீ. கட்டி சும்மா கிடக்கலாம், பார்வை நரம்பை ஒட்டி 1 செ.மீ. இருந்தாலே தொல்லை. நரம்பருகே இருந்தால் கண் மருத்துவரிடம் பார்வைப் புலப் பரிசோதனையை அவ்வப்போது செய்துகொள்ள வேண்டும். ஏழாம் மாதவாக்கில் மறுபடி ஒரு எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். அதை மருந்து செலுத்தாமல் எடுக்கட்டும். படம் தெளிவாகத் தெரிவதற்காக ஊசியில் செலுத்தும் கடோலினியம் மருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும்.

காலையில் எழுந்ததும் கூடும் தலைவலி, நின்றுபோன வாந்தி மறுபடி தொடங்குவது, பார்வை மங்குவது, இரட்டையாகத் தெரிவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, பேச்சுக் குழறல், வலிப்பு: இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை பொறுக்க வேண்டாம், அன்றே போங்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்காமல் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லி வீட்டாரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். கர்ப்பிணிக்கு வலிப்பு என்றதும் டாக்டர்கள் முதலில் நினைப்பது ரத்த அழுத்தத்தால் வரும் பேறுகால வலிப்பைத்தான். அது சரியும்கூட. உங்களுக்குக் கட்டி இருப்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும், அதனால் தாய்-சேய் நல அட்டையின் முதல் பக்கத்திலேயே எழுதி வாங்குங்கள்.

நிலைமை மாறினால் வழி இருக்கிறது. வீக்கத்தைக் குறைக்க டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் குறைந்த நாட்களுக்குக் கொடுப்போம். சர்க்கரை அளவைக் கூடவே கவனிக்க வேண்டும். வலிப்புக்கு லெவிடிரசெட்டம், லாமோட்ரிஜின் போன்றவை உண்டு, வால்புரோயேட் மட்டும் கூடாது. அறுவை சிகிச்சை தவிர்க்க முடியாததாகிவிட்டால் நான்கிலிருந்து ஆறாம் மாதம்வரை ஏற்ற காலம். 34 வாரம் தாண்டிவிட்டால் பெரும்பாலும் குழந்தையை முதலில் எடுத்துவிட்டு அப்புறம் கட்டிக்குப் போவோம்.

சிசேரியன் கட்டாயமா என்றால், இல்லை. கட்டி சிறியதாக, மூளையில் அழுத்தம் கூடாமல் இருந்தால் சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை. முக்கித் தள்ளும்போது தலைக்குள் அழுத்தம் ஏறும் என்பதால், தேவைப்பட்டால் ஆயுதம் போட்டு அந்தக் கட்டத்தைச் சுருக்குவார்கள். முதுகில் போடும் ஊசியில்தான் கவனம் வேண்டும். மூளையில் அழுத்தம் கூடியிருக்கும்போது தண்டுவட நீர் கசிந்தால் ஆபத்து. ஆகவே எட்டாம் மாதத்திலேயே மயக்க மருந்து டாக்டரிடம் படங்களைக் காட்டிவிடுங்கள். மகப்பேறு, நரம்பு அறுவை சிகிச்சை, பச்சிளங்குழந்தைப் பிரிவு மூன்றும் ஒரே வளாகத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியாகப் பாருங்கள். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்று ஊருக்குப் போவதானால் அங்கே இந்த வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். பிரசவத்துக்குப் பின் மருந்து செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் பாலை நிறுத்த வேண்டியதில்லை. 

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரசவம் முடிந்ததும் குடும்பக் கட்டுப்பாட்டு முறை எது வேண்டும் என்று கேட்பார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் ‘அந்தரா’ என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகப் போடும் ஊசி, மெட்ராக்ஸிபுரோஜெஸ்ட்ரான் என்ற புரோஜெஸ்ட்ரான் வகை ஹார்மோன். இதை ஒரு வருடத்துக்கு மேல் போட்டுக்கொண்ட பெண்களிடம், அறுவை சிகிச்சை தேவைப்படும் மெனிஞ்சியோமா ஐந்து மடங்குக்கும் மேல் அதிகம் காணப்பட்டதாக 2024-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு சொல்கிறது. கட்டி இல்லாத பெண்ணுக்கு அந்த ஆபத்து அப்போதும் மிகக் குறைவுதான், அவர்கள் பயப்பட வேண்டாம். உங்களுக்கு அந்த ஊசி வேண்டாம். ஹார்மோன் இல்லாத காப்பர்-டி போதும், பிரசவம் ஆன கையோடே போட்டுக்கொள்ளலாம். அட்டையில் கட்டியைப் பற்றி எழுதும்போது இதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.