கிரேன் பள்ளத்தாக்கின் தறி வீடுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் லங்காஷயரின் ஹாஸ்லிங்டன் கிரேன் என்னும் கைவிடப்பட்ட மேட்டுநில ஊரில், இடிந்த பண்ணைகளுக்கு நடுவே நடந்து திரிந்ததைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். என் பாட்டனார் தறிக்குழியில் கால் வைத்தே வாழ்ந்து முடித்தவர். லங்காஷயர் துணி வந்து நம் தறிகள் ஓய்ந்த கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த ஊரின் இடிபாடுகளுக்காக நாம் ஏன் வருந்த வேண்டும்?

ம.செ., சென்னிமலை

அன்புள்ள ம.செ. அவர்களுக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை என் கட்டுரையில் நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். கிரேனில் இடிந்து கிடப்பவை ஆலை முதலாளிகளின் மாளிகைகள் அல்ல. அவற்றுள் பல கைத்தறி நெசவாளர்களின் வீடுகள்.

மான்செஸ்டருக்கு வடக்கே, மரங்கள் அரிதான, ஓயாமல் மழை பெய்யும் மேட்டுநிலத்தின் மடிப்பில் இருக்கிறது அந்தப் பள்ளத்தாக்கு. அமிலத்தன்மை மிகுந்த மண்ணில் நல்ல விளைச்சல் கிடையாது. நான்கைந்து மாடுகளை நம்பி ஒரு குடும்பம் பிழைக்க முடியாது என்பதால்தான் பண்ணை வீட்டுக்குள் தறி வந்தது. ஓர் இடிந்த சுவரின் முன் நெடுநேரம் நின்றேன். கல்தூண்களால் பிரிக்கப்பட்ட குறுகிய சன்னல்கள் ஒரே வரிசையில் நெருங்கி இருந்தன. ஏழை வீட்டுக்கு இத்தனை சன்னல் எதற்கு என்று நாம் கேட்போம்; பாவில் அறுந்த இழையைக் கண்டு முடிச்சிட வெளிச்சம் வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூரை போய்விட்டது. மாட்டுத் தொழுவம் இருந்த இடத்தில் மட்டும் காஞ்சொறியைப் போலச் சுணைக்கும் ஒரு செடி இடுப்பளவு வளர்ந்திருந்தது. தலைமுறை தலைமுறையாகச் சாணம் ஊறிய மண்ணைத் தேடி வளரும் செடி அது. பண்ணை இருந்த இடத்தைத் தொலைவிலிருந்தே காட்டிக் கொடுப்பவை, காற்றுத் தடுப்புக்காக நட்ட சைக்கமோர் மரங்கள்.

விசைத்தறி முதலில் பட்டினி போட்டது இந்த வட்டாரத்து மக்களைத்தான். 1826 ஏப்ரலில் கூலி வீழ்ந்து பசி முற்றியபோது, அக்ரிங்டன், பிளாக்பர்ன், ஹாஸ்லிங்டன், ஹெல்ம்ஷோர் என்று ஊர் ஊராகத் திரண்டு சென்ற கைத்தறிக்காரர்கள், சில நாட்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விசைத்தறிகளை உடைத்தெறிந்தார்கள். சாட்டர்டன் என்ற இடத்தில் படையினர் சுட்டதில் ஆறு பேர் இறந்தனர். உங்கள் பாட்டனாரின் தறியை ஓய வைத்த அதே எந்திரத்தின் முன்தான் அவர்கள் செத்து விழுந்தார்கள்; இதை நினைக்காமல் அந்தச் சன்னல்களை என்னால் பார்க்க முடியவில்லை.

மேலே, மஸ்பரி ஹைட்ஸில், நம் கடப்பைக் கல்லைப் போலப் பலகை பலகையாகப் பிளக்கும் மணற்கல்லை வெட்டிய குவாரி இருக்கிறது. கழிவுக்கல் மேடுகளுக்கிடையே அதன் எந்திரக்கூடத்தின் புகைபோக்கி இன்னும் நிற்கிறது. கல் வெட்டும் வேலை சில காலம் ஊரைத் தாங்கியது. ஆனால் 1842-இல் ஹோல்டன் வுட், பின்னர் கால்ஃப் ஹே, 1912-இல் ஆக்டன் என்று மூன்று நீர்த்தேக்கங்கள் அதே பள்ளத்தாக்கில் எழுந்தன. ஊர் நீரில் மூழ்கியது என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலான வீடுகள் மூழ்கவில்லை, கரைக்கு மேலே சரிவில்தான் இருந்தன. நகரங்களுக்குப் போகும் குடிநீரில் தொழுவக் கழிவு கலந்துவிடக் கூடாது என்பதற்காக நீர்ப்பிடிப்பு நிலம் வாங்கப்பட்டு, குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கண்ணெதிரே நிற்கும் நல்ல வீட்டை விட்டுப் போவது, மூழ்கிய வீட்டை இழப்பதைவிடக் கொடியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மேட்டைத் தாண்டினால் டார்வென் நகரம். 1931 செப்டம்பரில் காந்தி அங்கே வந்தார். நம் அந்நியத் துணி மறுப்பால் தங்கள் வேலைக்குக் கேடு வந்தது என்று அறிந்திருந்த ஆலைத் தொழிலாளர்கள், அதிலும் பெண்கள், அவரைச் சூழ்ந்து நின்று உற்சாகமாக வாழ்த்தொலி எழுப்பும் புகைப்படம் இருக்கிறது. நீங்கள் அதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

உங்கள் பாட்டனாரின் தறிக்குழி இன்னும் மூடப்படாமல் இருக்கிறதா? இருந்தால் அதன் நீள அகலத்தையும், அருகிலிருந்த சன்னல் எந்தத் திசையைப் பார்த்தது என்பதையும் எழுதி அனுப்புங்கள். கிரேனில் நான் எடுத்து வந்த அளவுகளோடு சேர்த்து வைக்க விரும்புகிறேன்.