முதலில் லென்ஸ், அப்புறம் மேடை

கேள்வி: விலங்கியல் முதுகலை முடிக்கப் போகிறேன். கடல் மணலிலும் பாசியிலும் வாழும் ஆம்பிபாடு என்ற மிகச்சிறிய உயிரினங்களை முனைவர் பட்டத்துக்கு எடுக்க ஆசை. 'பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தால் யார் சம்பளம் தருவார்கள்?' என்கிறார் அப்பா. கடல் பாதுகாப்புக்காகக் குரல் கொடுக்கும் ஒரு குழுவிலும் இருக்கிறேன். அங்குள்ள நண்பர்கள், 'கடலே அழியும்போது நீ லென்ஸுக்குள் ஒளியப் பார்க்கிறாய்' என்கிறார்கள். என் பேராசிரியரோ, 'மேடை ஏறுகிற விஞ்ஞானியின் ஆய்வை யாரும் நம்ப மாட்டார்கள்' என்கிறார். நான் எதை விடுவது? சொந்தமாக மைக்ரோஸ்கோப் வாங்கும் யோசனையும் இருக்கிறது. வாங்கலாமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: எதையும் விட வேண்டாம். ஆனால் வரிசை முக்கியம். முதலில் லென்ஸ், அப்புறம் மேடை. நண்பர்களும் பேராசிரியரும் உங்களை எதிரெதிர்த் திசையில் இழுப்பதாக நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ இரு தரப்பும் ஒரே இடத்தில் சறுக்குவதாகத்தான் தெரிகிறது. உயிரினத்தை ஆராய்வதும் அதற்காக வாதாடுவதும் சம்பந்தமில்லாத இரண்டு வேலைகள் என்று இருவருமே நம்புகிறார்கள்.

நண்பர்களிடம் செதில்கால் நத்தையைப் பற்றிச் சொல்லுங்கள். இந்தியப் பெருங்கடலின் அடியில், 2,000 மீட்டருக்கும் கீழே, வெந்நீர் ஊற்றுகளை ஒட்டி வாழும் நத்தை அது. காலில் வரிசையாகச் செதில்கள், ஓட்டின் மேல் இரும்பு சல்ஃபைடு பூச்சு. 2001இல் கண்ணில் பட்டது. முறையான விவரிப்போடு அறிவியல் பெயர் கிடைத்தது 2015இல்தான். 2019இல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைக் கணக்கில் வைக்கும் ஐ.யூ.சி.என். சிவப்புப் பட்டியலில் ஏறியது. ஆழ்கடல் சுரங்கத்தால் வரும் ஆபத்தைக் காரணம் காட்டி அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்ட முதல் உயிரினம் அதுதான். அப்போது தெரிந்திருந்த அதன் வாழிடங்கள் மூன்றே மூன்று, அவற்றில் இரண்டில் கனிமத் தேடலுக்கு உரிமம் கொடுத்தாகிவிட்டது.

நடுவே போன அந்த 14 வருடங்களைக் கவனியுங்கள். பெயரும் விவரிப்பும் இல்லாத உயிரினத்தைச் சிவப்புப் பட்டியல் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. அதன் உறுப்புகளை அளந்து, உறவு நத்தைகளோடு ஒப்பிட்டு, மாதிரியை அருங்காட்சியகத்தில் ஒப்படைத்து, ஆய்விதழில் எழுதும் வேலையை யாரோ உட்கார்ந்து செய்து முடிக்க வேண்டியிருந்தது. உங்கள் நண்பர்கள் ஒளிந்துகொள்வது என்று சொல்வது அந்த வேலையைத்தான். ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடையில், நிக்கலும் கோபால்ட்டும் கலந்த உலோக உருண்டைகளுக்காகச் சுரங்க நிறுவனங்கள் கண் வைத்திருக்கும் கடலடிப் பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பதிவான 5,578 விலங்கினங்களில் ஏறக்குறைய 92 சதவீதத்துக்கு இன்னும் பெயர் இல்லை என்று 2023இல் ஒரு கணக்கெடுப்பு சொன்னது. அங்கே எதெல்லாம் அழியும் என்று நாளைக்கு ஒரு விசாரணையில் கேட்டால், பட்டியலோடு எழுந்து நிற்க ஆள் வேண்டாமா?

பேராசிரியருக்கு வருவோம். அவர் பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் பேசினால் நம்பிக்கை போய்விடும் என்பதற்கு எதிர்ச்சாட்சி டி.பி.டி. விவகாரம். கப்பலின் அடிப்பகுதியில் கொட்டலசும் பாசியும் ஒட்டாமலிருக்க, ட்ரைபியூட்டைல்டின் (சுருக்கமாக டி.பி.டி.) என்ற நஞ்சைப் பெயின்ட்டில் கலந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரைப் பாறைகளில் வாழும் ஒரு சாதாரண நத்தையில், பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைப்பதை 1970 வாக்கில் ஆய்வாளர்கள் கண்டார்கள். பாறையில் கை நீளும் தூரத்தில் கிடக்கும் நத்தைதான். அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் காரணம் டி.பி.டி. என்று உறுதியானது. ஒரு லிட்டர் நீரில் சில நானோகிராம் இருந்தாலே போதும், முட்டை வெளியே வரும் வழி அடைபட்டு நத்தை மலடாகிவிடும். இந்த நத்தையின் குஞ்சுகள் மிதந்து வேறிடம் போகாது. அதனால் ஒரு பாறையில் அழிந்தால் அழிந்ததுதான், பக்கத்துப் பாறையிலிருந்து சீக்கிரம் ஆள் வராது.

பிரான்ஸ் தன் சிப்பிப் பண்ணைகள் நாசமானதால் 1982லேயே சிறு படகுகளுக்குத் தடை போட்டது. 1987இல் இங்கிலாந்து. உலகளாவிய ஒப்பந்தம் 2001இல் ஏற்கப்பட்டு, 2008இல் நடைமுறைக்கு வந்தது. பெயின்ட் விற்றவர்கள் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லைதான். ஆனால் எதிரே இருந்தது கோஷம் அல்ல, எண்ணி அளந்த நத்தைகள். அந்த நத்தையை எண்ணியவர்கள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஆய்வின் தரம் கூடியிருக்குமா? உங்கள் பேராசிரியரைக் கேட்டுப் பாருங்கள், மரியாதையாகவே.

உங்கள் ஆம்பிபாடும் இந்த நத்தை மாதிரிதான். தாய் தன் வயிற்றுப் பையில் முட்டையைச் சுமந்து, முழு வடிவக் குஞ்சாகவே வெளியே விடும். லார்வா கட்டம் கிடையாது, தூரம் போகாது. அதனால்தான் ஓரிடத்தின் நிலையைக் காட்ட ஆம்பிபாடுகள் நல்ல சாட்சி. கடலடி வண்டலில் நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்கும் கூடங்களில் அவற்றை விட்டுப் பார்ப்பது இன்று வழக்கமான முறை. அப்பா கேட்ட சம்பளக் கேள்விக்கும் இது ஒரு பகுதிப் பதில்.

முழுப் பதில் அவ்வளவு இனிப்பானது அல்ல. உயிரினங்களை இனம் பிரித்துப் பெயரிடும் வகைப்பாட்டியலுக்கென்றே உள்ள பணியிடங்கள் எங்கும் குறைவு. ஆகவே உருவவியலோடு, டி.என்.ஏ.வை வைத்து இனத்தை அடையாளம் காணும் டி.என்.ஏ. பார்கோடிங்கையும் புள்ளியியலையும் கற்றுக்கொள்ளுங்கள். வண்டலைச் சலித்து இனம் பிரிக்கத் தெரிந்தவர்கள் துறைமுகம், கடல் காற்றாலை போன்ற திட்டங்களின் சுற்றுச்சூழல் மதிப்பீட்டுக்குத் தேவைப்படுகிறார்கள். 2023இல் ஏற்கப்பட்டு 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐ.நா. ஆழ்கடல் உடன்படிக்கையும் நாடுகளின் எல்லைக்கு வெளியே உள்ள கடலுக்கு இத்தகைய மதிப்பீட்டைக் கேட்கிறது. மதிப்பீடு என்றால் என்ன? உங்களைப் போல ஒருவர் குனிந்து உட்கார்ந்து கால்களை எண்ணுவதுதான்.

அப்பாவிடம் நோபல் கதைகளைச் சொல்லத் தோன்றும். சொல்லலாம், தப்பில்லை. நட்சத்திர மீனின் லார்வாவுக்குள் முள்ளைக் குத்திப் பார்த்து, நோய் எதிர்ப்பு அணுக்களின் வேலையைப் புரிந்துகொண்ட மெச்னிகோவுக்கு 1908இல் பரிசு கிடைத்தது. ஜெல்லி மீனில் ஒளிரும் பச்சைப் புரதத்தைப் பிரித்த ஷிமோமுரா 2008இல் பரிசைப் பகிர்ந்தார். ஆனால் மேடையில் 'இதிலிருந்து மருந்து கிடைக்கும், அதனால் காப்பாற்றுங்கள்' என்ற வாதத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். டிராபெக்டெடின் என்ற புற்றுநோய் மருந்து முதலில் கிடைத்தது கடல் பீச்சி என்ற ஒரு கடல் விலங்கிலிருந்து. இன்று அதை ஒரு பாக்டீரியா தரும் மூலப்பொருளிலிருந்து தொழிற்சாலையிலேயே செய்துகொள்கிறார்கள். மருந்துக்காகத்தான் அந்த உயிர் வேண்டும் என்று வாதாடியவரிடம், 'சரி, இனி அது தேவையில்லையே' என்றால் என்ன பதில் இருக்கும்?

வேலையைப் பற்றிக் கொஞ்சம். ஆம்பிபாடைப் பிடித்ததும் ஆல்கஹாலில் போட்டுவிடாதீர்கள். முதலில் உயிரோடு படம் எடுங்கள். ஆல்கஹாலில் சீக்கிரமே நிறம் வெளுத்துவிடும், கண்ணின் சிவப்பும் போய்விடும். டி.என்.ஏ. வேண்டுமென்றால் 95 சதவீத எத்தனால், ஃபார்மலின் வேண்டாம். சீட்டைப் பென்சிலில் எழுதிக் குப்பிக்கு உள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டியது உரிந்தால் அந்த மாதிரி அநாதை. வாயுறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஸ்லைடில் வைத்து வரையப் பழகுங்கள். நல்ல கேமரா இருக்கும்போது வரைவதா என்பார்கள். வரையும்போதுதான் எந்த முள் எங்கே தொடங்குகிறது என்று கை கேட்கும். படம் எடுப்பவர் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுவார்.

மணலுக்குள் இருப்பவற்றை வெளியே வரவழைக்க மெக்னீசியம் குளோரைடு கரைசலால் மயக்குவது முறை, ஆனால் நேரம் பிடிக்கும். 1982இல் பிரான்ஸின் ரோஸ்கோஃப் நிலையத்தில் கிளம்பும் அவசரத்திலிருந்த கிறிஸ்டென்சன் என்ற டென்மார்க் ஆய்வாளர், மாதிரியை வெறும் நல்ல தண்ணீரில் அலசினார். மணலை இறுகப் பிடித்திருந்த ஏதோ ஒன்று அந்த அதிர்ச்சியில் பிடியை விட்டது. அடுத்த வருடம் அதற்காக விலங்குலகில் ஒரு தொகுதியையே புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது: லோரிசிஃபெரா. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத உயிர் அது.

பேசுவது பற்றி. இதைத்தான் கடைசிக்கு ஒதுக்கியிருந்தேன். பேராசிரியர் பயப்படுவது, தெரிந்ததையும் ஆசைப்படுவதையும் ஒரே வாக்கியத்தில் குழைத்துப் பேசுகிறவர்களைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். 'இதை அளந்தேன்', 'இதிலிருந்து இப்படி ஊகிக்கிறேன்', 'இப்படி நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன்' என்ற மூன்றையும் தனித்தனியே சொல்லுங்கள். கூட்டம் கைதட்டுவது மூன்றாவதுக்குத்தான். முதலாவதை விடாமல் சொல்கிற ஆளாக இருங்கள். உங்கள் குழு எழுதும் அறிக்கையில் ஊகம் உண்மை வேடத்தில் வந்தால், கையெழுத்துப் போடுமுன் திருத்தச் சொல்லுங்கள். கொஞ்சம் மனக்கசப்பு வரும், பரவாயில்லை.

இரண்டையும் ஒரே கட்டுரையில் செய்தவர்கள் உங்கள் துறையிலேயே இருக்கிறார்கள். மரியானா அகழியில் 6,000 மீட்டருக்கும் கீழே பிடித்த ஓர் ஆம்பிபாடை 2020இல் விவரித்தார்கள். அதன் குடலில், தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்கை ஒத்த ஓர் இழை இருந்தது. வைத்த பெயர் யூரிதீனஸ் பிளாஸ்டிகஸ். செய்தி உலகமெல்லாம் போனது, ஆனால் கட்டுரையைத் திறந்தால் பெரும்பகுதி கால், கொடுக்கு, வாயுறுப்பு அளவுகள்தான். அதைப் படித்துப் பாருங்கள், உங்கள் ஆய்வுக்கு நல்ல மாதிரி.

மைக்ரோஸ்கோப் விஷயம்: இப்போதைக்குப் பெரிதாக எதுவும் வேண்டாம். உங்கள் துறையில் இருக்கும் கூட்டு நுண்ணோக்கியைப் பயன்படுத்துங்கள். வாங்குவதென்றால் இரு கண்ணாலும் பார்க்கக்கூடிய ஸ்டீரியோ வகை. உருப்பெருக்கம் எவ்வளவு என்பதைவிட, பக்கவாட்டிலிருந்து விழும் ஒளி சரியாக இருக்கிறதா, லென்ஸுக்கும் தட்டுக்கும் இடையில் ஊசி பிடித்த கை போக இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பழையது நல்ல நிலையில் கிடைத்தால் புதியதற்கு ஏங்க வேண்டாம். நாற்காலியின் உயரத்தை மட்டும் மறக்காமல் சரிசெய்யுங்கள். இந்தத் தொழிலில் முதலில் போவது கண் அல்ல, கழுத்து.