கேமரா வாங்குவதற்கு முன் ஒரு டீக்கடை

அன்புள்ள ஐயா,

பாலக்காட்டிலிருந்து தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பிளஸ் டூ முடித்த மகள், பொறியியல் வேண்டாம், நகர மக்களின் வாழ்வைப் பதிவுசெய்யும் ஆவணப்படத் துறையே வேண்டும் என்று உறுதியாக நிற்பதும், விலையுயர்ந்த கேமரா கேட்பதும் தங்களைக் கலங்க வைத்திருக்கின்றன. கேமராவை இப்போது வாங்க வேண்டாம். அவர் விருப்பத்தைத் தடுக்கவும் வேண்டாம்.

இத்துறையில் கருவியைவிட, ஓரிடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும் பொறுமைக்கே மதிப்பு அதிகம். தங்கள் ஊரை அடுத்த தொழிற்பகுதியான கஞ்சிக்கோட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் கூடும் ஒரு டீக்கடையைத் தேர்ந்தெடுத்து, இரவு ஷிப்ட் முடியும் நேரம், சம்பள நாள், ஓண விடுமுறை, துர்கா பூஜைக்கு அவர்கள் ஊருக்குக் கிளம்பும் வாரம் என ஆறு மாதம் கைபேசியிலேயே படமெடுக்கச் சொல்லுங்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமை போய் நூறு படம் எடுத்து வருவது சுற்றுலா.

கடைக்காரரிடமும் தொழிலாளர்களிடமும் அனுமதி கேட்டே எடுக்க வேண்டும். செய்தியாளர் ஜேக்கப் ரீஸ் நியூயார்க்கின் நெரிசல் குடியிருப்புகளைப் படமெடுத்து 1890-இல் நூலாக்கியது, 1901-இல் அம்மாநிலம் புதிய குடியிருப்புச் சட்டம் இயற்றுவதற்குத் துணைநின்றது. ஆனால் அவர் நள்ளிரவில் கேளாமல் அறைக்குள் நுழைந்து, உறங்கியவர்களின் முகத்தில் வெளிச்சம் பாய்ச்சியவர். மும்பை நடைபாதைவாசிகளைப் பற்றி ஆனந்த் பட்வர்தன் 1985-இல் எடுத்த ஆவணப்படத்தில், ஏழைகளைப் படமெடுத்துப் பெயர் வாங்கத்தானே வந்தீர்கள் என்று ஒரு பெண் அவரையே சாடுகிறார். அந்தக் காட்சியை அவர் வெட்டவில்லை. தங்கள் மகள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

படிப்பைப் பொறுத்தவரை, 1960-இல் தொடங்கிய புனே திரைப்படக் கல்லூரியின் முதன்மைப் படிப்புகளுக்குப் பட்டம் தேவை என்பதால், கோவையில் மூன்றாண்டு விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) பட்டப்படிப்பில் சேர்ப்பது வசதி. வீட்டிலிருந்தே போய் வரலாம். திருவனந்தபுரத்தில் 2008 முதல் நடந்துவரும் ஆவணப்பட, குறும்பட விழாவுக்கு ஒருமுறை தாங்களும் உடன் செல்லுங்கள்.

வருமானம் தொடக்கத்தில் சீராக இராது. இத்துறையினர் பலர் கல்யாண வீடியோவும் தொண்டு நிறுவனப் பணிகளும் செய்தே சொந்தப் படத்துக்குப் பணம் சேர்க்கிறார்கள். அதில் இழிவு ஏதுமில்லை, கைப்பழக்கமும் கூடும்.

ஆறு மாதம் கழித்து, அவரே தேர்ந்தெடுத்த இருபது படங்களை அச்சிட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு பிரதியை அந்தக் கடைக்காரரிடம் கொடுத்திருக்க வேண்டும். கேமராவைப் பற்றி அன்று பேசுவோம்.