டெர்மினலில் ஓடும் பைத்தான் ஸ்கிரிப்ட், கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) போட்டால் மட்டும் பக்கத்திலேயே இருக்கும் கோப்பைக் காணவில்லை என்கிறதே, ஏன்?

‘கோப்பும் ஸ்கிரிப்டும் ஒரே ஃபோல்டரில்தானே இருக்கின்றன’ என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கின்றன. ஆனால் பைத்தான் அந்த ஃபோல்டரில் தேடவே இல்லை.

கோப்பைத் திறக்கும் ஓப்பன் ஃபங்ஷனுக்கு வெறுமனே ‘செட்டிங்ஸ்.ஜேசன்’ என்று பெயரை மட்டும் கொடுத்தால், ப்ராசஸ் எந்த டைரக்டரியில் நின்று ஓடுகிறதோ அங்கேதான் தேடும். கரன்ட் வொர்க்கிங் டைரக்டரி என்பது அதுதான். டெர்மினலில் நீங்கள் சிடி (டைரக்டரி மாற்றும் கட்டளை) அடித்து ஃபோல்டருக்குள் போன பிறகு ஓட்டுகிறீர்கள். அதனால் நிற்கும் இடமும் ஸ்கிரிப்ட் குடியிருக்கும் இடமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. கிரான் அப்படிப் போகாது. பயனரின் ஹோம் டைரக்டரியில் நின்றபடியே ஓட்டும். லினக்ஸில் பின்னணி வேலைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் சர்வீஸாகப் போட்டால், வேறு இடம் சொல்லாதவரை ரூட் டைரக்டரியில் நிற்கும்.

இதில் பலரையும் குழப்புவது இம்போர்ட். பக்கத்தில் இருக்கும் மாட்யூலை இம்போர்ட் செய்தால் எங்கிருந்து ஓட்டினாலும் கிடைக்கிறது, அதே இடத்தில் இருக்கும் ஜேசன் கோப்பு மட்டும் கிடைக்காது. காரணம், ஸ்கிரிப்டை நேரடியாக ஓட்டும்போது அது இருக்கும் டைரக்டரியை சிஸ்.பாத் பட்டியலின் முதல் இடத்தில் பைத்தானே வைத்துவிடுகிறது. இம்போர்ட் அந்தப் பட்டியலைப் பார்க்கும். ஓப்பன் அதைப் பார்ப்பதில்லை.

தீர்வு இரண்டு வரிதான். பாத்லிப்பிலிருந்து பாத்தை இம்போர்ட் செய்துகொண்டு, கீழே உள்ளதை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்:

இங்கே = பாத்(__ஃபைல்__).ரிசால்வ்().பேரன்ட்
கோப்பு = இங்கே / "செட்டிங்ஸ்.ஜேசன்"

__ஃபைல்__ என்பது ஓடிக்கொண்டிருக்கும் கோப்பின் பாதை. பைத்தான் 3.9க்கு முன்பு, முதன்மை ஸ்கிரிப்டில் இது நீங்கள் கட்டளையில் எப்படிக் கொடுத்தீர்களோ அப்படியே, ரிலேட்டிவாக (நிற்கும் இடத்தைப் பொறுத்த பாதையாக) வரலாம். நடுவில் யாராவது, நிற்கும் டைரக்டரியை மாற்றும் ஓஎஸ்.சிஎச்டிர் போட்டுவிட்டு அதன் பிறகு ரிசால்வ் செய்தால் தவறான இடம் கிடைக்கும். 3.9 முதல் முழுப் பாதையே வருகிறது. எப்படியிருந்தாலும் இந்த வரியைக் கோப்பின் தலையிலேயே எழுதிவிடுங்கள்.

உங்களுக்கு எர்ரர் வந்தது நல்லது என்றே சொல்வேன். எனக்கு வரவில்லை. சர்வரில் டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று தினமும் ஓர் எஸ்க்யூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் டேட்டாபேஸ்) கோப்பில் குறித்துவைக்கும் சிறிய ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். சில நாள் கையால் ஓட்டிப் பார்த்துவிட்டு கிரானில் போட்டேன். ஆறு வாரம் கழித்து வரைபடம் போடத் திறந்தால், கிரானில் போட்ட நாளோடு வரிசைகள் நின்றுபோயிருந்தன. லாகைப் பார்த்தால் ஒவ்வொரு இரவும் வெற்றி. கடைசியில் ஹோம் டைரக்டரியில் கோப்புகளைப் பட்டியலிட எல்எஸ் அடித்தபோது அதே பெயரில் இன்னொரு டேட்டாபேஸ் கண்ணில் பட்டது. பழைய கோப்பின் கடைசி வரிசைக்கு மறுநாள் தேதியில் அதன் முதல் வரிசை தொடங்கியிருந்தது. எஸ்க்யூலைட், கோப்பு இல்லையென்றால் சத்தமில்லாமல் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். டேபிள் இல்லையென்றால் உருவாக்கு என்ற வரியையும் நானே எழுதிவைத்திருந்தேன். ஒரு டேட்டாபேஸோடு இன்னொன்றை இணைக்கும் அட்டாச் கட்டளை போட்டு இரண்டையும் ஒன்றாக்க முடிந்ததால் தரவு தப்பியது. அதனால் படிக்கும் கோப்பைவிட எழுதும் கோப்புக்குத்தான் முதலில் பாதையைச் சரிசெய்யச் சொல்வேன்.

ரிசால்வுக்குப் பதிலாக அப்சல்யூட் போடலாமா என்றால், சிம்லிங்க் (வேறிடத்தில் உள்ள கோப்பைச் சுட்டும் இணைப்பு) இல்லாதவரை இரண்டும் ஒன்றுதான். ஸ்கிரிப்டுக்கு வேறொரு டைரக்டரியில் சிம்லிங்க் வைத்து ஓட்டினால், அப்சல்யூட் அந்த லிங்க் இருக்கும் இடத்தோடு நின்றுவிடும். ரிசால்வ் உண்மையான கோப்பு வரை போகும். உடன் இருக்கும் கோப்புகள் உண்மையான இடத்தில்தான் இருக்கும் என்பதால் நான் எப்போதும் ரிசால்வ்தான்.

ஜூபிட்டர் நோட்புக்கில் __ஃபைல்__ கிடையாது, நேம்எர்ரர் வரும், அங்கே கரன்ட் வொர்க்கிங் டைரக்டரியைத் தரும் பாத்.சிடபிள்யூடி() போதும். ஸ்கிரிப்டைத் தனி நிரலாக மாற்றும் பைஇன்ஸ்டாலரில் ஒரே கோப்பாகக் கட்டினால் __ஃபைல்__ தற்காலிகமாகப் பிரித்துவைத்த டைரக்டரியைக் காட்டும்; பயனர் பக்கத்தில் வைக்கும் கோப்பு வேண்டுமானால் அந்த நிரல் கோப்பின் பாதையான சிஸ்.எக்சிகியூட்டபிளின் பேரன்டைப் பிடியுங்கள். நீங்கள் எழுதுவது பிப்பில் நிறுவும் பேக்கேஜ் என்றால் பேக்கேஜுக்குள் இருக்கும் கோப்புகளைப் படிக்க உதவும் இம்போர்ட்லிப்.ரிசோர்சஸ் பக்கம் போவது சரி.

மற்ற மொழிகளிலும் இதே சிக்கல்தான், பெயர்தான் வேறு. பிஎச்பியில் __டிர்__, 5.3 முதல் உண்டு. நோட்.ஜேஎஸ்ஸில் பழைய மாட்யூல் முறையான காமன்ஜேஎஸ் என்றால் __டிர்நேம். புதிய முறையான இஎஸ் மாட்யூலில் அது கிடையாது, நோட் 20.11 முதல் இம்போர்ட்.மெட்டா.டிர்நேம் இருக்கிறது. பாஷ் ஷெல்லில், ஸ்கிரிப்டின் பெயரைத் தரும் என்று நினைக்கும் டாலர் ஜீரோவை நம்பாதீர்கள். சோர்ஸ் கட்டளையால், அதாவது இப்போதைய ஷெல்லுக்குள்ளேயே ஓட்டினால் அது ஸ்கிரிப்டின் பெயராகவே இருக்காது. பாஷ்_சோர்ஸின் முதல் உறுப்பை எடுங்கள்.

ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே ஓஎஸ்.சிஎச்டிர் போட்டு அந்த ஃபோல்டருக்கே போய்விடச் சொல்லும் ஆலோசனையையும் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டளையில் பயனர் ஒரு கோப்புப் பெயரைக் கொடுத்தால், தான் நிற்கும் இடத்தை மனதில் வைத்துத்தான் கொடுப்பார். நீங்கள் இடம் மாறினால் அவர் சொன்ன கோப்பு தொலைந்துபோகும். ஸ்கிரிப்டோடு வரும் கோப்புக்கு ‘இங்கே’, பயனர் தரும் கோப்புக்கு அவர் தந்த பாதை அப்படியே.

மாற்றிய பிறகு, கிரானுக்குக் காத்திருக்க வேண்டாம். சிடி அடித்து ரூட் டைரக்டரிக்குப் போய், அங்கிருந்து முழுப் பாதை கொடுத்து ஸ்கிரிப்டை ஓட்டிப் பாருங்கள். பிறகும் கிரானில் தகராறு செய்தால், பாத்.சிடபிள்யூடி()யையும் ‘இங்கே’யையும் அச்சிட்டு, வருவதைக் கேள்வியில் சேருங்கள்; பார்த்துச் சொல்கிறேன்.