தாத்தா பயனில்லாதவரா?

கேள்வி: என் மகன் தொடக்கநிலை 6. இந்த ஆண்டு பிஎஸ்எல்இ (சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு). அறிவியல், கணிதம் இரண்டுக்கும் டியூஷன் போகிறான். வேலை முடிந்து வந்து தினமும் இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து படிக்க வைக்கிறேன். ஒரே பாடத்தை மூன்று முறை வாசிப்பான். முக்கிய வரிகளுக்கு நானே கலர் அடித்துக் கொடுப்பேன். கேட்டால் திணறுவான், எடுத்துக்கொடுத்தால் சொல்லிவிடுவான். தேர்வில் மட்டும் மறந்துபோகிறது. மாமனார் பகல் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார். ஆங்கிலம் தெரியாததால் அவரால் பயனில்லை. இன்னொரு டியூஷன் சேர்க்கலாமா?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: டியூஷன் இருக்கட்டும். ‘அவரால் பயனில்லை’ என்று எழுதினீர்களே, அந்த வரிக்கு வருகிறேன். பேரன் காதுபட இதைச் சொல்லியிருந்தால் பெரிய தவறு. பாட விஷயத்திலும் உங்கள் கணக்கு தப்பு. உங்கள் வீட்டில் அவனுக்கு எடுத்துக்கொடுக்க முடியாத ஒரே ஆள் அவர்தான். இப்போது அவனுக்குத் தேவையானவரும் அவர்தான்.

2006இல் ரோடிகர், கார்ப்பிகி என்ற இரு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இரண்டு பத்திகளைக் கொடுத்தார்கள். ஒன்றை இரு தடவை வாசித்தார்கள். இன்னொன்றை ஒரு தடவை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இரு தடவை வாசித்ததுதான் முந்தியது: அதில் 81 விழுக்காடு நினைவிருந்தது, எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்து வாசித்தது 42க்கு இறங்கியது, எழுதிப் பார்த்தது 56இல் நின்றது. உங்கள் மகனின் ‘திணறல்’ என்பது இப்படி நினைவில் தேடுவதுதான். அவன் தேடும் அந்தப் பத்து விநாடியில் நீங்கள் முதல் வார்த்தையைச் சொல்லிவிடுகிறீர்கள். தேர்வறையில் அந்த முதல் வார்த்தையை யார் சொல்வது?

செய்ய வேண்டியது இதுதான். பள்ளிவிட்டு வந்து சாப்பிட்டதும், அன்றைய ஒரு பாடத்தை, புத்தகத்தை அறையில் வைத்துவிட்டு, தாத்தாவிடம் ஐந்து நிமிடம் தமிழில் சொல்லட்டும். அவர் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: “ஏன்பா அப்படி?” ஐஸ் மைலோ டம்ளருக்கு வெளியே தண்ணீர் எப்படி வந்தது என்று பேரன் விளக்கினால், பெரும்பாலும் “குளிர்ச்சியால்” என்று நிறுத்திவிடுவான். “அந்தத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?” என்று தாத்தா கேட்டதும்தான் விட்டுப்போனது தெரியும்: சுற்றியுள்ள காற்றிலிருக்கும் நீராவி, குளிர்ந்த டம்ளரின் மேற்பரப்பில் பட்டு, வெப்பத்தை இழந்து நீர்த்துளியாகிறது. மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பிறகு அதையே வெற்றுத்தாளில் ஆங்கிலத்தில் எழுதட்டும், தேர்வு ஆங்கிலத்தில்தானே. கடைசியில்தான் புத்தகம். விட்டதைப் பச்சைப் பேனாவால் அவனே சேர்க்க வேண்டும். இந்தப் படியைத் தவிர்த்தால் தவறான பதில் அப்படியே மனத்தில் ஊறிவிடும். தாத்தாவால் அதைத் திருத்த முடியாது. அதே பாடத்தை இரண்டு நாள் கழித்து ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து என மீண்டும் சொல்ல வேண்டும். நாள்காட்டியில் குறித்து வையுங்கள். முதல் வாரம் பாதிகூடச் சொல்ல மாட்டான். பதறி மறுபடி கலர் பேனாவை எடுக்காதீர்கள்.

கணிதத்துக்கு ஒன்று மட்டும். அசெஸ்மென்ட் புத்தகத்தில் விகிதக் கணக்கை இருபதாக வரிசையாய்ப் போடுவது வேண்டாம். விகிதம், பின்னம், விழுக்காடு மூன்றிலிருந்தும் கலந்து ஆறு போதும். எந்த முறை என்று கண்டுபிடிப்பதும் பயிற்சிதான்.

இன்னொரு டியூஷன் வேண்டாம். பிள்ளையைப் படிக்க வைப்பது பெற்றோரின் கடமை, அவனுக்குப் பதிலாக யோசிப்பது கடமையில்லை. இன்று இரவே மாமனாரிடம், “மாமா, நாளையிலிருந்து இவன் உங்களுக்குப் பாடம் சொல்லட்டும், நீங்கதான் கேட்கணும்” என்று முறையாகச் சொல்லுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும் நாளில், அவர்கள் பேசி முடிக்கும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.